கண்ணாடி தேய்த்தவன் கண்ட உலகம்

தொலைகாட்டி என்றதும், அது செல்வர் வீட்டுப் பொருள் என்றோ, பல்கலைக்கழகத்தார் பூட்டி வைத்திருக்கும் பொருள் என்றோ நம்மிற் பலர் எண்ணுகின்றோம். அதனை ஒருவர் தம் வீட்டுக் கொட்டிலில் இருந்து தம் கையாலேயே செய்துகொள்ளலாம் என்றாற் பலர் நம்பமாட்டார். ஆயினும் நூறாண்டுகளுக்கு மேலாக உலகின் பல பாகங்களிலும் சாதாரண மக்கள் அதனைச் செய்து வருகின்றனர். 1920 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வேர்மண்ட் மாநிலத்து ஸ்பிறிங்பீல்ட் என்னும் ஊரில், றசல் போட்டர் என்பவர் இயந்திரத் தொழிற்சாலை ஊழியர் சிலரைக் கூட்டி, ஆடி தேய்க்கும் கலையைக் கற்பித்தார். 1923 இல் அவர்கள் அமைத்த கழகம் இன்றும் நடைபெறுகின்றது.

வேலையின் முறை எளியது. ஒரே அளவான இரண்டு வட்டக் கண்ணாடித் துண்டுகளுள் ஒன்றை அசையாது பொருத்தி, அதன்மேற் சிலிக்கன் காபைட்டுத் தூளும் நீரும் இட்டு, மற்றதை மேலே வைத்து முன்னும் பின்னும் தேய்க்கவேண்டும். இடையிடையே கண்ணாடியைத் திருப்புவதோடு, தேய்ப்பவரும் மேசையைச் சுற்றி நகரவேண்டும். சில மணி நேரத்தில் மேலுள்ளது குழியும், கீழுள்ளது குவியும். எப்பக்கம் நகர்த்தினும் திருப்பினும் ஒன்றோடொன்று பொருந்தி நிற்கக்கூடிய வளைபரப்புக் கோளத்தின் பரப்பு ஒன்றே. ஆகவே, கைத்திறன் குறைந்தவருக்கும் அவ்வடிவம் தானாகவே அமைகின்றது. பின்னர் வரவர நுண்ணிய தூள்களால் தேய்த்து, இறுதியிற் கீல் பூசிய தட்டின்மேல் மெருகூட்டுவர். 6 அங்குல விட்டமும் 48 அங்குலக் குவியத்தூரமும் உள்ள ஆடியின் நடுக்குழியின் ஆழம், ஓர் அங்குலத்தின் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவாகும்.

ஆனால், நல்ல ஆடியிற் பிழை ஏறக்குறைய ஓர் அங்குலத்தின் பத்து இலட்சத்தில் மூன்று பங்குக்கு மேற்படலாகாது. தலைமயிரின் தடிப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கு அது. இதனை எக்கருவியால் அளப்பது? 1858 இற் பிரெஞ்சு அறிஞர் பூக்கோ ஒரு வழி காட்டினார். ஒரு விளக்கு, ஒரு சிறு துளை, ஒரு சவர அலகு ஆகியவையே போதும். குவியத்தூரத்தைப் போல் இரு மடங்கு தூரத்திலிருந்து துளையின் ஒளியை ஆடிக்கு அனுப்பி, திரும்பி வரும் ஒளியை அலகினால் மெல்ல மறைத்தால், ஆடியின் மேடு பள்ளங்கள் நிழல்களாகத் தெரியும். ஒரு விரலைச் சிறிது நேரம் ஆடியின்மேல் வைத்தெடுத்தால், அவ்விடம் சூட்டினால் வீங்கி மேடாகத் தோன்றுவதையும் காணலாம்.

இத்தகைய சோதனைக்கு வெப்பக்காற்றுப் பெரும் பகை. அதனை உணர்ந்த ஓர் இளைஞர் செய்ததை மாணவர்கள் அறியவேண்டும். கிளைட் ரொம்போ என்பார் கன்சாஸ் மாநிலத்து விவசாயியின் மகன். ஆலங்கட்டி மழை பயிரை அழித்தமையாற் கல்லூரிக்குச் செல்லும் எண்ணம் கைகூடவில்லை. 1926 முதல் அவர் தாமே தொலைகாட்டிகள் செய்யத் தொடங்கினார். காற்று அசையாத இடம் வேண்டி, மண்வெட்டியும் பிக்கானும் கொண்டு 24 அடி நீளமும் 7 அடி அகலமும் 8 அடி ஆழமுமான குழியைத் தம் கையாலேயே தோண்டினார். வீட்டார் அதனை உணவுப்பொருள் வைக்கவும், புயலுக்கு ஒதுங்கவும் பயன்படுத்தினர். அவருடைய 9 அங்குலத் தொலைகாட்டியின் தாங்கிக்குப் பழைய பியூக் மோட்டார் வண்டியின் உறுப்பும், பாலாடை பிரிக்கும் இயந்திரத்தின் உறுப்பும் உதவின.

அதனூடு கண்ட செவ்வாயையும் வியாழனையும் வரைந்து, அறிசோனாவிலுள்ள லோவெல் வானாய்வு நிலையத்துக்கு அவர் அனுப்பினார். அப்படங்களைக் கண்டோர் அவருக்கு வேலை கொடுத்தனர். 1930 ஜனவரி 23 ஆம், 29 ஆம் திகதிகளில் எடுத்த இரு புகைப்படத் தகடுகளை ஒப்பிட்டபோது, ஒரு சிறு புள்ளி இடம் பெயர்ந்திருப்பதைப் பெப்ரவரி 18 இற் கண்டார். அதுவே புளூட்டோ. அப்போது அவருக்கு வயது 24. கையிற் பட்டம் இல்லை. பட்டம் பின்னரே கன்சாஸ் பல்கலைக்கழகத்திற் பெற்றார். 2006 இற் புளூட்டோ குறுங்கோள் என வகுக்கப்பட்டது. 1997 இல் மறைந்த அவருடைய சாம்பலிற் சிறிதளவைச் சுமந்து சென்ற விண்கலம், 2015 ஜூலை 14 இற் புளூட்டோவை அணுகிக் கடந்தது.

புளூட்டோவைக் காட்டியது அந்நிலையத்தின் கருவியே. ரொம்போ வீட்டிற் செய்த தொலைகாட்டி அன்று. ஆயினும், ஆயிரக்கணக்கான புள்ளிகளிடையே ஒன்று நகர்ந்ததைக் கண்ட கண்ணும், சலியாத பொறுமையும் அந்தக் குழியிற் பயின்றவை என்பதே என் கருத்து.

"இதனாற் பரீட்சையில் எத்தனை புள்ளி கிடைக்கும்?" என்று பெற்றோர் கேட்கலாம். நேராக ஒன்றுமே கிடையாது. ஆனால் குழிவாடியின் சமன்பாட்டைப் பிழையின்றி எழுதும் மாணவர் பலர், ஒரு குழிவாடி சந்திரனின் விம்பத்தைக் கடதாசியில் விழுத்துவதை ஒருமுறையேனும் கண்டதில்லை. படித்தவனுக்குக் கைவேலை இழுக்கு என்னும் பழைய எண்ணம் இன்னும் நம்மை விட்டு அகலவில்லை. அவ்வெண்ணம் உள்ளவரை விஞ்ஞானம் நமக்கு ஏட்டுச் சுரைக்காயே.

தொடங்க விரும்பும் மாணவர் மூவர் நால்வராகச் சேர்ந்து, 6 அங்குல ஆடியொன்றை முயலலாம். தூள் காற்றிற் பறவாதபடி எப்போதும் நனைந்திருக்கட்டும். அலுமினியம் பூசுவதற்கு வெற்றிடக் கருவி வேண்டுமாதலால், அதனை வசதியுள்ளோரிடமே விடவேண்டும். எனினும் பூசாத கண்ணாடி ஒளியில் நூற்றுக்கு நான்கு பங்கையே திருப்புமாயினும், சந்திரனைக் காண அதுவே போதும். ஞாயிற்றை மட்டும் இதனூடு ஒருபோதும் பார்த்தலாகாது. கணப்பொழுதிற் கண் கெடும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. மகனோ மகளோ கொட்டில் மூலையில் மாலைதோறும் கண்ணாடி தேய்த்துக்கொண்டிருந்தால், வீண்வேலை என்று வைய வேண்டாம். ஒரு மாதம் பொறுத்திருந்து, சனியின் வளையத்தைக் காட்டும்படி கேளுங்கள்.