“அம்மா, அங்கே எப்படிக் குளிப்பாங்க?”



2025 ஜூன் மாதம் நம் நாட்டு சுபான்ஷு சுக்லா சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போனாரே, அப்போது உங்கள் வீட்டு வாண்டுகள் என்னென்ன கேட்டார்கள்? ராக்கெட்டுக்கு எத்தனை டன் எரிபொருள் என்றா கேட்டார்கள்? எங்கள் வீட்டில் மூன்றாம் வகுப்புப் படிக்கும் என் இளையவள் கேட்டது, “அம்மா, அங்கே எப்படிக் குளிப்பாங்க? பாத்ரூம் வந்தா என்ன பண்ணுவாங்க?” இரண்டே கேள்விதான்.

இந்த மாதிரிக் கேள்விக்கு நாம் வழக்கமாகச் சொல்லும் பதில் உண்டே: “போய் அப்பாகிட்ட கேளு.” தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். சமைப்பது, துவைப்பது, கூட்டுவது, தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழிப்பது எல்லாம் நம்ம இலாகா ஆயிற்றே! விண்வெளி வீரரின் நாளில் பாதி இதுதான்.

சாப்பாட்டிலிருந்து ஆரம்பியுங்கள். அங்கே ரொட்டித் துண்டு கிடையாது, சப்பாத்தி போன்ற ஒன்றுதான். காரணம் கேளுங்கள். ரொட்டியைக் கடித்தால் தூள் உதிரும், அது கீழே விழாமல் மிதந்து மிதந்து யார் கண்ணிலோ, எந்த இயந்திரத்திலோ போய்ப் புகுந்துகொள்ளும். உப்பையும் மிளகையும்கூடத் தூவ முடியாது. உப்பைத் தண்ணீரிலும் மிளகை எண்ணெயிலும் கலந்து சொட்டு விடுகிறார்கள். பல பதார்த்தங்கள் ஈரம் போக உலர்த்தியவை, வெந்நீர் விட்டால் ஆகாரம். நம் வற்றல், வடகம் மாதிரி என்று சொன்னால் குழந்தைக்குச் சட்டென்று புரிந்துவிடும். சுக்லா நம்ம ஊர் காரட் அல்வாவையும் பாசிப்பருப்பு அல்வாவையும் எடுத்துப் போய்ச் சக வீரர்களுக்குக் கொடுத்தாராம். என் மாமியாருக்கு அதில் ரொம்பத் திருப்தி.

குளியல்? ஈரத் துண்டால் துடைத்துக்கொள்வதுதான். தலைக்கு, அலசத் தேவையில்லாத ஷாம்பு. பாத்ரூமில் காற்று உறிஞ்சும் குழாய் இருக்கிறது. இல்லாவிட்டால் எல்லாம் மிதக்கும்! இந்த இடத்தில் குழந்தைகள் உருண்டு புரண்டு சிரிப்பார்கள், சிரிக்கட்டும். சிரித்து முடித்ததும் அடுத்ததைச் சொல்லுங்கள். அந்தச் சிறுநீரையும், வியர்வையையும், மூச்சில் வரும் ஈரத்தையும் சுத்தம் பண்ணி மறுபடி குடிக்கிறார்கள். 100 சொட்டுத் தண்ணீரில் 98 சொட்டைத் திரும்ப எடுக்கும் அளவுக்கு 2023-ல் வந்துவிட்டார்கள். குழாயைத் திறந்துவிட்டுப் பல் தேய்க்கும் பிள்ளைக்கு நாம் நூறு தரம் சொல்லுவதைவிட இது ஒன்று போதும்.

துணி துவைக்க அங்கே வசதியே இல்லை. அழுக்குத் துணியைக் குப்பையோடு சரக்கு விண்கலத்தில் மூட்டை கட்டி அனுப்பிவிட, அது காற்று மண்டலத்தில் எரிந்து போகிறது. (கேட்டதும் எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.) ஆனால் சனிக்கிழமை வந்தால் வீடு கூட்டுகிற வேலை உண்டு. எல்லோருமாகச் சேர்ந்து சுவரைத் துடைத்து, காற்று வடிகட்டிகளில் ஒட்டிய தூசியை உறிஞ்சி எடுக்க வேண்டும். “ஆம்பளைங்களுமா?” என்று என் மகன் கேட்டான். ஆமாம் கண்ணு, கமாண்டரும்தான்!

தூங்குவது சுவரில் கட்டிய உறைக்குள். அதுவும் காற்று வரும் இடமாகப் பார்த்து. இல்லாவிட்டால் விட்ட மூச்சு அகலாமல் முகத்தைச் சுற்றியே நிற்கும். நிலையம் பூமியை ஒன்றரை மணி நேரத்தில் ஒரு சுற்று சுற்றிவிடுவதால் ஒரு நாளைக்கு 16 தரம் சூரியன் உதிக்கும். அதற்காகப் பதினாறு தரம் எழுந்திருப்பதில்லை, கடிகாரத்தைப் பார்த்துத்தான் படுக்கை.

இனி ஒரு விஷயம். “அங்கே பூமியின் ஈர்ப்பு இல்லை, அதனால் மிதக்கிறார்கள்” என்று பல பெரியவர்களே சொல்லிக் கொடுக்கிறார்கள். அது சரியில்லை. நிலையம் இருப்பது 400 கிலோமீட்டர் உயரத்தில். நேர் மேலே ரோடு போட்டால் சென்னையிலிருந்து திண்டுக்கல் போகிற தூரம், அவ்வளவுதான். அங்கே ஈர்ப்பு பத்தில் ஒன்பது பங்கு அப்படியே இருக்கிறது. பின் ஏன் மிதக்கிறார்கள்? விழுந்துகொண்டே இருக்கிறார்கள்!

இதைக் காட்ட ஒரு வேடிக்கை செய்யலாம். பழைய பிளாஸ்டிக் பாட்டிலின் அடிப்பக்கத்தில் ஆணியால் ஓட்டை போடுங்கள். விரலால் அடைத்துக்கொண்டு தண்ணீர் நிரப்பி, மூடியைத் திறந்தே வைத்து விரலை எடுத்தால் தாரையாக ஒழுகும். இப்போது முற்றத்தில் ஸ்டூல் மேல் நின்று பாட்டிலைக் கீழே விடுங்கள். விழும் அந்த நொடியில் தாரை நின்றுவிடும்! பாட்டிலும் தண்ணீரும் சேர்ந்தே விழுவதால் தண்ணீர் பாட்டிலை அழுத்துவதில்லை. நிலையமும் உள்ளே இருப்பவர்களும் அதே மாதிரிச் சேர்ந்து விழுகிறார்கள். தரையில் வந்து மோதவில்லையே என்றால், மணிக்கு 28,000 கிலோமீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் ஓடிக்கொண்டே விழுவதால், விழ விழப் பூமியும் வளைந்து விலகிப் போய்விடுகிறது. என் மகனுக்கு மூன்று தரம் பாட்டில் போட வேண்டியிருந்தது. பாக்கிப் பத்து தரம் அவனே போட்டு வாசலெல்லாம் சேறு.

இப்படி மிதப்பது சுகம் என்று நினைக்காதீர்கள். உடம்பின் பாரத்தைச் சுமக்காத எலும்பும் தசையும் நலிந்துவிடும். அதற்காகத் தினம் இரண்டு மணி நேரம் தேகப்பயிற்சி. அப்படியும் திரும்பி வந்ததும் நடையே தள்ளாடும். சுக்லா வந்த புதிதில் மடிக்கணினி மிதக்கும் என்ற நினைப்பில் கையை விட்டுவிட, அது கீழே விழுந்ததாம்!

அவர் அங்கே செய்த வேலைகளில் ஒன்று, பச்சைப்பயறும் வெந்தயமும் முளை கட்டியது. நாமும் செய்யலாமே. கண்ணாடி டம்ளரில் ஈரப் பஞ்சை ஓரமாக அடைத்து, பயறைக் கண்ணாடிக்கும் பஞ்சுக்கும் நடுவே வையுங்கள். வேர் வந்ததும் டம்ளரைப் படுக்கப் போடுங்கள். ஓரிரு நாளில் வேர் வளைந்து கீழே திரும்பும். “அங்கே கீழேன்னு ஒண்ணு இல்லையே, வேர் என்ன பண்ணும்?” என்று குழந்தையே கேட்கும். அதைத்தான் அவர்களும் பார்க்கிறார்கள்.

பெண் குழந்தைகளுக்குக் கொஞ்சம் கூடவே சொல்லுங்கள். 1963-ல் முதலில் போன பெண் ரஷ்யாவின் வாலண்டினா தெரஷ்கோவா நூற்பாலையில் வேலை செய்தவர். அமெரிக்காவின் அன்னா ஃபிஷர் 1984-ல் கிளம்பியபோது அவர் பெண்ணுக்கு ஒரு வயது தாண்டியிருந்தது, அவ்வளவுதான். விண்வெளிக்குப் போன முதல் தாய் அவர்தான். எனக்கு மிகவும் பிடித்தது கேரன் நைபர்க். 2013-ல் நிலையத்தில் இருந்தபோது, உணவுப் பெட்டியின் உள்துணியைக் கிழித்து, பழைய பனியன் துணியை அடைத்து, தன் பிள்ளைக்கு ஒரு டைனோசர் பொம்மை தைத்தார். தையல் தெரிந்தவர்கள் நினைத்துப் பாருங்கள், ஊசி, நூல், கத்தரி எல்லாம் மிதக்கும்!

கடைசியாக அந்தச் சிரமமான கேள்வி. கல்பனா சாவ்லாவைப் பற்றிச் சொன்னால், “இப்போ எங்கே இருக்காங்க?” என்று குழந்தை கேட்காமல் இருக்காது. “சின்னக் குழந்தைகிட்ட சாவைப் பத்தி என்ன பேச்சு?” என்பது என் மாமியாரின் கட்சி. நான் சொல்லிவிட்டேன். நாம் மறைத்தால் பள்ளிக்கூடத்தில் வேறு பிள்ளை நெருப்பும் புகையுமாகச் சொல்லிவிடும். நம் மடியில் உட்கார்ந்து கேட்கட்டுமே.

கர்னாலில் பிறந்த பெண், 1997-ல் ஒரு தரம் போய்ப் பத்திரமாக வந்தார். 2003-ல் இரண்டாம் தரம் போனபோது, கிளம்புகையிலேயே டாங்கியிலிருந்து பெயர்ந்த நுரைக் கட்டி ஒன்று கொலம்பியா விண்கலத்தின் இடது இறக்கையில் அடித்து ஓட்டை போட்டுவிட்டது. பிப்ரவரி 1-ந் தேதி திரும்பும்போது அந்த வழியாகக் கடும் வெப்பம் புகுந்து, இறங்க 16 நிமிஷம் இருக்கையில் ஏழு பேரும் போய்விட்டார்கள். இவ்வளவுதான் சொன்னேன், கூடவும் இல்லை, குறைவும் இல்லை.

அழவில்லை அவள். கொஞ்ச நேரம் என் புடவைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டிருந்துவிட்டு, “அப்புறம் ஓட்டை இருக்கான்னு பார்த்தாங்களா?” என்றாள். பார்த்தார்கள். 2005-ல் மறுபடி பறந்தபோது, கேமரா வைத்த நீளமான கையால் இறக்கையைத் தடவிப் பார்க்காமல் திரும்ப விடவில்லை. சுனிதா வில்லியம்ஸ் 2024 ஜூனில் எட்டு நாள் வேலைக்கென்று போய் 286 நாள் தங்கியதும் இதனால்தான். போன விண்கலத்தில் கோளாறு, சந்தேகம் தீரவில்லை. அதை ஆளில்லாமலே செப்டம்பரில் இறக்கிவிட்டு, அவரை 2025 மார்ச்சில் வேறு கலத்தில் அழைத்து வந்தார்கள். அந்த மாதங்களில் “பாவம், மாட்டிக்கிட்டாங்க” என்று ஊரே சொன்னது. என் பெண், “மாட்டிக்கல பாட்டி, செக் பண்றாங்க” என்று மாமியாரைத் திருத்தினாள்.

நிலையத்தை உங்கள் மொட்டை மாடியிலிருந்தே பார்க்கலாம். அது கடக்கும் நேரத்தை நாசா தெரிவிக்கிறது. சூரியன் மறைந்த சற்று நேரத்துக்குள், அல்லது விடிவதற்கு முன்னால், பிரகாசமான நட்சத்திரம் போல, கண் சிமிட்டாமல், மேற்கிலிருந்து கிழக்காக நாலைந்து நிமிஷத்தில் நகர்ந்து போகும். சிமிட்டினால் அது விமானம். விடியற்காலை என்றால் குழந்தைக்குத் தலையில் குல்லா போட்டு அழைத்துப் போங்கள், மாலை என்றால் கொசுவத்தியை முன்னாலேயே ஏற்றி வையுங்கள்.