ஐந்தாவது சக்கரம் எங்கே?

பெங்களூரில் புதுக் கார் வாங்குகிறவர்களில் பலர், அதை வீட்டுக்குக் கொண்டுவந்த கையோடு ஜே.சி. ரோட்டுக்கு ஓட்டிச் செல்கிறார்கள். கம்பெனி பொருத்தித் தந்த 14 அங்குலச் சக்கரம் கண்ணுக்கு நிறைவாக இல்லையாம். 17 அங்குல அலாய் சக்கரம் மாட்டினால்தான் வண்டிக்குக் கம்பீரம் வருகிறதாம். சொந்தக் காசில் செய்துகொள்ளும் அலங்காரம். அதை யாரும் பழிக்க வேண்டியதில்லை. ஆனால் இதில் ஒரு கணக்கு விட்டுப் போகிறது. கடையில் மாற்றுவது நான்கு சக்கரம். காருக்கு வேண்டியதோ ஐந்து.

அந்த ஐந்தாவதான ஸ்டெப்னி, டிக்கிக்கு அடியில் பழைய 14 அங்குலமாகவே கிடக்கிறது. அதன் நினைவு வருவது எப்போது? தீபாவளிக்கோ பொங்கலுக்கோ குடும்பத்தோடு ஊருக்குப் புறப்பட்டு, ஓசூரும் கிருஷ்ணகிரியும் தாண்டி, நள்ளிரவில் தொப்பூர் கணவாய்ப் பக்கம் டயர் காற்றை இழந்து நிற்கும்போதுதான்.

பெரிய சக்கரம் போட்ட வண்டிக்கு இந்த ஆபத்து வழக்கத்தை விட அதிகம் என்பதையும் சொல்லியாக வேண்டும். 165/80 ஆர் 14 என்ற டயரில், ரிம்முக்கும் சாலைக்கும் இடையே 132 மில்லிமீட்டர் ரப்பர் இருக்கிறது. அதை எடுத்துவிட்டு 205/45 ஆர் 17 போட்டால் மிஞ்சுவது 92 மில்லிமீட்டர். பெங்களூர்ப் பள்ளங்களில் அடிபடும்போது ரிம் வளைகிறது; டயரின் பக்கவாட்டு நசுங்கிக் கிழிகிறது. ஆணி குத்தினால் பஞ்சர் கடையில் அடைத்துக் கொள்ளலாம். பக்கவாட்டில் கிழிந்த டயருக்கு எந்தக் கடையிலும் வைத்தியம் இல்லை. தட்டையான டயரில் காற்று குறைந்திருப்பதும் கண்ணுக்கு எளிதில் தெரிவதில்லை.

இந்தக் காலத்தில் ஸ்டெப்னி எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. ட்யூப் இல்லாத டயரும், பஞ்சர் ஒட்டும் சாதனமும், காற்றழுத்தத்தைக் காட்டும் கருவியும் இருந்தால் ஸ்டெப்னி இல்லாமலே கார் விற்கலாம் என்று மத்திய அரசு 2020-இல் விதியைத் திருத்தியது உண்மைதான். ஆனால் அந்தச் சாதனம் ஆணித் துளைக்குத்தான் உதவும், கிழிசலுக்கு உதவாது. காற்றழுத்தக் கருவி சக்கரத்துக்குள்ளேயே இருக்கும் வண்டிகளில், சக்கரம் மாற்றும்போது அது பழைய ரிம்மோடு போய்விடுவதும் உண்டு.

சரி, பழைய ஸ்டெப்னியை எடுத்து மாட்டலாம் என்றால், முதல் தடங்கல் நட்டில் வருகிறது. அலாய் சக்கரத்துக்குப் பல கடைகளில் வேறு நட்டு தருகிறார்கள். சிலவற்றைத் தனிச் சாவி இல்லாமல் கழற்ற முடியாது. வண்டியோடு வந்த ஸ்பானர் அதில் உட்காராது. சாவியோ பெங்களூரில் வீட்டு மேசை அறையில் பத்திரமாக இருக்கும். எப்படியோ கழற்றிவிட்டாலும், அதே நட்டு பழைய இரும்புச் சக்கரத்தின் துளையில் சரியாகப் பதியுமா? பதியாவிட்டால், முடுக்கியது போலத் தோன்றி ஓட ஓடத் தளரும். சக்கரம் கழன்று ஓடும் விபத்துக்கு இது போதும். அலாய் சக்கரத்தின் நடுத்துளை பெரிதாக இருந்தால், இடைவெளியை நிரப்ப ஒரு வளையம் போட்டிருப்பார்கள். அது அச்சிலேயே ஒட்டிக்கொண்டால் ஸ்டெப்னி உள்ளே ஏறாது.

அடுத்தது உயரம். விவரம் தெரிந்த கடைக்காரர், ரிம் பெரிதானாலும் டயரின் மொத்த விட்டம் மாறாமல் பார்த்துக்கொள்வார். மேலே சொன்ன இரண்டு டயர்களின் விட்டமும் 620, 616 மில்லிமீட்டர்தான். நட்டும் வளையமும் பொருந்தினால் அங்கே பழைய ஸ்டெப்னி ஓரளவு சமாளிக்கும். தாரை வாங்கி 33 அங்குல டயர் மாட்டுகிறவர்கள் கதை வேறு. 789 மில்லிமீட்டர் விட்டம் 838 ஆகிறது. முழுக் காற்றுள்ள சக்கரத்தை மாட்ட, ஜாக்கி முன்னைவிட 25 மில்லிமீட்டர் கூடுதலாகத் தூக்க வேண்டும். வண்டியோடு வந்த ஜாக்கிக்கு அந்த எட்டு இருக்கிறதா என்று பார்த்தவர்கள் எத்தனை பேர்?

விட்டம் குறைந்த ஸ்டெப்னியை முன்சக்கரம் இழுக்கும் காரில் முன்னால் மாட்டினால், இடது சக்கரம் ஒரு வேகமும் வலது சக்கரம் ஒரு வேகமுமாகச் சுழன்று டிஃபரன்ஷியல் சூடேறும். ஆகவே முன் டயர் போனால், பின்னால் உள்ள நல்ல சக்கரத்தை முன்னுக்குக் கொண்டுவந்து, சின்னதைப் பின்னால் மாட்டுவதே முறை. இரட்டை வேலைதான், வேறு வழியில்லை. பிறகு மெதுவாக அடுத்த ஊர் வரைக்கும்தான் பயணம். நான்கு சக்கர இழுவையை மறந்தும் போடக்கூடாது.

இத்தனைக்கும் முன்னால், வண்டியைச் சாலையை விட்டு முடிந்தவரை இடப்பக்கம் ஒதுக்க வேண்டும். குழந்தைகளையும் பெரியவர்களையும் இறக்கித் தடுப்புக் கம்பிக்கு அப்பால் நிறுத்த வேண்டும். இரவில் லாரி வரும் பக்கம் குனிந்து நட்டைத் திருகுவது உயிரோடு விளையாடுவது. இடம் சரியில்லை என்றால் நெடுஞ்சாலை உதவிக்கான 1033 என்ற எண்ணை அழைப்பதில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை.

சட்டம் சும்மா இருக்கவில்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை வலியுறுத்தியது. அதே ஆண்டின் திருத்தப்படி, அனுமதியில்லாத பாகங்களைப் பொருத்தி வண்டியை மாற்றும் சொந்தக்காரருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே. ஆனால் அபராதம் வசூலாவதால் தொப்பூரில் நிற்கும் குடும்பத்துக்கு வழி பிறக்காது. வழி பிறக்க வேண்டிய இடம் சக்கரம் விற்கும் கடைதான். பில்லில் நான்கு சக்கரத்துக்கு விலை எழுதும்போதே, ஐந்தாவதுக்கு என்ன ஏற்பாடு, பழைய சக்கரத்துக்கான நட்டுகள் எங்கே, சாவி எங்கே என்பதையும் எழுதித் தரும்படி போக்குவரத்துத் துறை கட்டாயப்படுத்தலாம்.

அதுவரை வாங்குகிறவர்களே ஒன்று செய்யலாம். பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன், கடை வாசலில், வண்டியோடு வந்த ஜாக்கியையும் ஸ்பானரையும் கொண்டே ஒரு சக்கரத்தைக் கழற்றி, ஸ்டெப்னியை மாட்டிக் காட்டச் சொல்ல வேண்டும். அரை மணி நேர வேலை. மாட்ட முடியவில்லை என்றால் அதற்கு என்ன வேண்டும் என்பதைக் கடைக்காரரே சொல்லட்டும்.