பதக்கமும் படகும்

2023 டிசம்பர் மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டியது. நண்பர்களோடு படகில் சென்று மக்களை மீட்ட சகோதரர் யாசர் அராபத்துக்கு, 2024 குடியரசு தின விழாவில் தமிழக அரசு வீரதீரச் செயலுக்கான அண்ணா பதக்கம் வழங்கியது. அல்ஹம்துலில்லாஹ்!

நல்லடியார்கள் கைம்மாறோ நன்றியோ எதிர்பார்ப்பதில்லை என்கிறது திருக்குர்ஆன் (76:9). மனிதருக்கு நன்றி செலுத்தாதவர் அல்லாஹ்வுக்கும் நன்றி செலுத்தாதவர் என்பது நபிமொழியின் கருத்து. முன்னது உதவியவருக்கு; பின்னது உதவி பெற்ற நமக்கும் அரசுக்கும்.

2015 டிசம்பரில் முடிச்சூர் மூழ்கியபோது தெருக்களுக்குள் வந்தவை மீனவர் படகுகள். வந்தவர்களில் எத்தனை பேரை இன்று நமக்குத் தெரியும்? அடுத்த வெள்ளத்திலும் கோவளம், மாமல்லபுரம் குப்பங்களைத்தான் அழைப்போம். சேதமாகும் படகுக்கும் செலவாகும் டீசலுக்கும் ஈடு கொடுப்பதும் நன்றியே.