ஆயில் சீல் ஒழுகுகிறதா?

 

கார் நின்ற இடத்தில் எண்ணெய்த் துளிகள் தென்படுகின்றனவா? கிராங்க் புல்லியின் பின்புறம் ஈரமாயிருப்பின் முன்பக்க ஆயில் சீல் தேய்ந்திருக்கலாம். அலட்சியம் செய்தால் எண்ணெய் வற்றி என்ஜினே இறுகிவிடும்.

சீலை மாற்றுமுன் காரணத்தை ஆராயுங்கள். பிரீதர் எனும் மூச்சுக்குழாய் அடைபட்டால், உள்ளே பெருகும் அழுத்தம் சீலின் வழியே எண்ணெயைத் தள்ளும். அடைப்பை நீக்காமல் புதுச் சீல் பொருத்திப் பயனில்லை.

என்ஜின் குளிர்ந்தபின் பாட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் செல்லாதீர்கள். இரும்புத் தாங்கிகள் அவசியம். உயிர் அல்லாஹ் நமக்களித்த அமானிதம்.

மாருதி 800 போன்ற வண்டிகளில் புல்லி, டைமிங் பெல்ட், அதன் பற்சக்கரம் ஆகியவற்றை அகற்றிய பின்பே சீல் தெரியும். பெல்ட்டைக் கழற்றுமுன் டைமிங் குறிகளை நேர்ப்படுத்துங்கள். எண்ணெய் ஊறிய பெல்ட்டை மீண்டும் பூட்டாதீர்கள். பழைய சீலைப் பெயர்க்கையில் தண்டில் கீறல் விழலாகாது. விழுந்தால் புதுச் சீலும் ஒழுகும். புதுச் சீலின் உதட்டில் என்ஜின் எண்ணெய் தடவி, சுருள்கம்பியுள்ள பக்கம் உள்நோக்கியிருக்க, அதே அளவுள்ள குழாயை வைத்துச் சமமாகத் தட்டி இறக்குங்கள்.

பின்பக்கச் சீல் எனில் கியர் பெட்டியையே இறக்க நேரும். அதனைத் தொழிலறிந்தவரிடம் ஒப்படைப்பதே விவேகம்.

கழிவு எண்ணெயை மண்ணில் ஊற்றாதீர்கள். அது அண்டை வீட்டாரின் கிணற்று நீரையும் கெடுக்கும். டப்பாவில் சேர்த்து, கழிவு எண்ணெய் சேகரிக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள். அண்டை வீட்டார்க்குத் தீங்கிழைக்காமல் முடிக்கும் வேலையே நிறைவான வேலை.