பார்மேட் பண்ணிரலாம்னு சொல்றவங்களுக்கு

தோட்டத்து மோட்டார் ஓடலைன்னா யாராவது புதுக்கிணறு வெட்டுவாங்களா? ஃபியூஸைப் பார்ப்போம், ஸ்டார்ட்டரைப் பார்ப்போம், கெப்பாசிட்டரைப் பார்ப்போம். நம்ம வீரபாண்டிப் பக்கம் நிட்டிங் மிஷின்ல ஊசி உடைஞ்சா ஊசியத்தான் மாத்துவாங்க. கம்ப்யூட்டருக்கு மட்டும் எதுக்குங்க எடுத்தவுடனே பார்மேட்?

போன சனிக்கிழமை உபுண்டு 22.04-ல இருந்து 24.04-க்கு மாத்தலாம்னு உட்கார்ந்தேன். (எண்ணுல ரகசியம் ஒண்ணுமில்ல. 2022 ஏப்ரல்ல வந்தது 22.04, 2024 ஏப்ரல்ல வந்தது 24.04.) ஆயிரக்கணக்கான பேக்கேஜ் இறங்கி, பாதி வேலைல நின்னு போச்சு. கர்னல் பேக்கேஜை கன்ஃபிகர் பண்ண முடியலைன்னு கடைசி வரி. ஆறு வருசப் பால் கணக்கு அதுக்குள்ள. பேக்கப் எடுக்காம உட்கார்ந்தது என் தப்புத்தான், ஒத்துக்கறேன்.

திருப்பூர்ல ஒரு கடைக்குப் போன் பண்ணுனேன். "கொண்டாங்கண்ணா, பார்மேட் போட்டுக் குடுத்தர்றேன்." என்ன எர்ரர்னு கூடக் கேக்கல.

கடைசி வரி எந்தப் பேக்கேஜ் நின்னுச்சுன்னுதான் சொல்லும். ஏன் நின்னுச்சுங்கறது மேல இருக்கும். ஏத்திப் பார்த்தா, டிஸ்க்ல இடமில்லைன்னு ஒத்தை வரி. எங்க டிஸ்க் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டுனது. அப்படி இன்ஸ்டால் பண்ணுனா பூட்டுக்குன்னு தனியா ஒரு சின்னப் பார்ட்டிஷன் உண்டு (கதவுப் பூட்டில்லீங்க, மிஷின் கிளம்பற பூட்). பழைய கர்னலெல்லாம் அதுல சேர்ந்து கிடந்தது. களம் நிறைய பழைய தட்டு கிடந்தா புது மூட்டையை எங்க இறக்கறது? தொடங்கும்போதே இடமிருக்கான்னு அதுவே கணக்குப் பாக்கும். எனக்கு அந்தக் கணக்கு தப்பிருச்சு.

ரீபூட் பண்ணாம இருந்ததுதான் நான் செஞ்ச ஒரே புத்திசாலித்தனம். எந்தக் கர்னல்ல மிஷின் இப்ப ஓடுதுன்னு முதல்ல பார்த்துக்கிட்டேன், அதைத் தொடக்கூடாது. மிச்சமிருந்த பழசை டிபிகேஜி வழியாவே நீக்குனேன். ஃபைலை நேரடியா அழிச்சா, பேக்கேஜ் இன்னும் இருக்குன்னே டிபிகேஜி நெனைச்சுக்கும். அப்புறம் பாதில நின்னதையெல்லாம் கன்ஃபிகர் பண்ணச் சொல்ற கட்டளை, அதுக்கு மேல ஆப்ட்ல உடைஞ்சதைச் சரிபண்ற கட்டளை. ரெண்டுதான்.

2011-ல அரசு லேப்டாப் வந்தப்போ விண்டோஸோட, டெபியனை வெச்சு சி-டாக் செஞ்ச பாஸ் லினக்ஸும் அதுல இருந்துச்சு. எங்க தெருப் பசங்க அதைத் தொறந்துகூடப் பார்க்கல. அவங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன். இதைப் பிரிச்சு மேயலாம், கெட்டாச் சரி பண்ணலாம்னு அவங்களுக்கு யாரு சொன்னாங்க? குடுத்ததோட நிறுத்திக்கிட்டோம். ரிப்பேர் பண்ணச் சொல்லித் தரல.

மூணு மணி நேரம் ஆச்சு. நடுவுல மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வந்தேன். கணக்கு ஒரு வரி கூடப் போகல. கடைக்காரத் தம்பிக்குப் போன் பண்ணிச் சொன்னேன்.

"பார்மேட் போட்டிருந்தா அரைமணி நேரத்துல முடிஞ்சிருக்குமேங்ணா"ங்கறாரு.