கோட்டுக்கு வெளியே நில்லுங்கள்

2013 நவம்பர் 28, அமெரிக்கக் காற்பந்து ஆட்டம். பால்டிமோர் வீரர் ஜேகோபி ஜோன்ஸ் பந்தோடு ஓரக்கோட்டை ஒட்டிப் பறந்து வருகிறார். எதிரணிப் பயிற்றுநர் மைக் டோம்லின் திடலுக்குள் காலை வைத்துவிட்டார். விலகி ஓடிய ஜோன்ஸ் பிடிபட்டார். நடுவர்கள் தண்டிக்கவில்லை, லீக் பிறகு 1 லட்சம் டாலர் அபராதம் விதித்தது.

நாம் ஆடும் காற்பந்திலும் 2016 முதல் விதி கடுமை. பயிற்றுநர் ஆட்டத்தில் குறுக்கிட்டால் எதிரணிக்கு ஃப்ரீ கிக். பெனால்டி கட்டத்துக்குள் என்றால் பெனால்டி.

ஜாசின், அலோர்காஜா பக்கத் தோட்டத் திடல்களில் நான் பார்ப்பது வேறு. பயிற்றுநரோடு அப்பா, மாமா எல்லாரும் கோட்டைத் தாண்டி நிற்பார்கள். வெளியே போகும் பந்தை உள்ளே தட்டிவிடும் கால்களும் உண்டு. கேட்டால், "நம்ம பசங்கதானே!"

பையன் அதையும் பார்க்கிறான். பெரியவர்கள் மதிக்காத கோட்டை அவன் மட்டும் மதிப்பானா?