36 படங்களும் ஓர் அரிசிப் பையும்



என் தோளில் தொங்கும் பழைய கேமராவைக் கண்டு, "கைப்பேசி இருக்கும்போது இது எதற்கு ஐயா?" என்று உங்களில் பலர் கேட்டீர்கள். கேள்வி நியாயமானது. பதில் சிலருக்குக் கசக்கக்கூடும், எனக்கும் கசந்தது.

புதுச்சேரியில் பழம்பொருள் விற்பவர் ஒருவரிடம் வாங்கிய இது, 'ஃபெட் 2' என்னும் சோவியத் கேமரா. ஆதரவற்ற சிறுவர்களுக்காகக் கார்கிவில் 1927இல் ஏற்பட்ட தொழிற்குடியிருப்பில், ஜெர்மானிய லைக்காவைப் பின்பற்றி, 1934 முதல் ஃபெட் கேமராக்கள் செய்யப்பட்டன. என்னிடமுள்ளது பிற்காலத்தது. வாங்கியபோது, நம் கடற்கரைக் காற்றின் ஈரத்தால் லென்சுக்குள் பூஞ்சை படர்ந்திருந்தது, மசகு இறுகியிருந்தது, ஒளியைத் தடுக்கும் துணித்திரையில் ஊசித்துளைகள் விழுந்திருந்தன. முதிய பழுதுநீக்குநர் ஒருவர் பல நாள் பொறுமையாக அதைச் சீர்செய்து தந்தார்.

இதன் முகப்பில் இரண்டு சிறு சாளரங்கள் உண்டு. அவற்றின் வழியே வரும் இரு பிம்பங்கள் பார்வைத் துளையில் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும். லென்சு வளையத்தைத் திருப்பும்போது ஒரு பிம்பம் நகர்ந்து மற்றதோடு பொருந்தும். பொருந்தினால்தான் படம் தெளியும். ஒரு சுருளில் 36 படங்கள். சுருளின் விலையையும் கழுவும் செலவையும் சேர்த்தால் ஒரு படத்திற்கு ஏறத்தாழ 30 ரூபாய் ஆகிறது. ஆகவே ஒவ்வொரு முறையும் விரல் தயங்குகிறது: 'இதை நான் எடுக்கத்தான் வேண்டுமா?'

கைப்பேசி இக்கேள்வியை நம்மிடம் கேட்பதில்லை. அதனால் நாமும் கேட்பதை நிறுத்திவிட்டோம். என் வழக்கு இதுதான்.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்த நாட்களில் தென்பெண்ணை பெருகிப் பாகூர்ப் பகுதிக் கிராமங்களுக்குள் புகுந்தது. நாம் அரிசியும் போர்வையும் கொடுத்தோம், நல்லது. ஆனால் எப்படிக் கொடுத்தோம்? பையின் ஒரு முனையை நாம் பிடித்துக்கொண்டு, மறுமுனையைப் பிடித்த தாய்மாரைக் கைப்பேசியைப் பார்க்கச் சொன்னோம். அன்று மாலைக்குள் படங்கள் குழுக்கள்தோறும் பரவின. அவற்றில் நானும் சிரித்துக்கொண்டு நிற்கிறேன்.

அவர்களுள் ஒரு தாய் அதன்பின் ஆராதனைக்கு வரவில்லை. வீட்டிற்குச் சென்று கேட்டேன். மகளின் சம்பந்தி வீட்டார் அப்படத்தைப் பார்த்துவிட்டார்களாம். "அரிசி ஒரு மாசத்துல தீந்துபோச்சு ஐயா, அந்தப் படம் இன்னும் தீரல" என்றார். அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை.

"கொடுத்தவர்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டாமா?" என்பீர்கள். காட்டத்தான் வேண்டும். பற்றுச்சீட்டும் பொருளாளர் கையொப்பமும் மூப்பர் இருவரின் சாட்சியமும் கணக்கு. அடுக்கிய மூட்டைகளைப் படமெடுங்கள், ஒருவரும் கூசமாட்டார்கள். ஓர் ஏழையின் முகம் நமது பற்றுச்சீட்டு அல்ல.

"நம் நற்கிரியைகளை மனுஷர் காணும்படி வெளிச்சம் பிரகாசிக்க வேண்டுமென்று ஆண்டவர் சொன்னாரே?" என்று மத்தேயு 5:16ஐக் காட்டுவோரும் உண்டு. அதே மலைப்பிரசங்கம் அடுத்த அதிகாரத்தின் தொடக்கத்திலேயே, தர்மத்தைப் பிறர் காணவேண்டுமென்று செய்வதைக் கண்டிக்கிறது. இரண்டிற்கும் முரணில்லை. முந்தியது பிதாவுக்கு மகிமை சேர்க்கிறது. பிந்தியது நமக்குப் புகழ் தேடுகிறது. நம் படங்களில் நடுவில் நிற்பவர் யார் என்று பார்த்தால் எது எது என்பது விளங்கும்.

பாகூரின் நெல்வயல்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் போவாஸின் நினைவு வருகிறது. ரூத் என்னும் விதவை கதிர் பொறுக்க வந்தபோது, அவளை வெட்கப்படுத்தக் கூடாதென்று அவன் வேலைக்காரருக்குக் கட்டளையிட்டான். கட்டுகளிலிருந்து சிலவற்றை உருவிச் சிந்தவிடவும் சொன்னான் (ரூத் 2:15, 16). அவள் பெற்றது உதவி. அவள் உணர்ந்ததோ உழைப்பின் பலன். சேமும் யாப்பேத்தும் தகப்பனின் நிர்வாணத்தைக் காணாதபடி பின்னிட்டு நடந்து அதை மூடினார்கள் (ஆதியாகமம் 9:23). வேதம் காட்டும் அன்பு, அடுத்தவனின் குறையை மூடுகிற அன்பு.

1950 ஏப்ரலில் ஹென்றி கார்த்தியே-பிரெசோன் இதே புதுச்சேரிக்கு வந்து ஸ்ரீ அரவிந்தரைப் படமெடுத்தார். உலகறிந்த அக்கலைஞரும் அனுமதி பெற்றபின்பே அந்த அறைக்குள் சென்றார். பெரியவரிடம் அனுமதி கேட்பது மரியாதையென்றால், வில்லியனூர்க் குடிசையில் வாழும் விதவையிடம் கேளாதிருப்பதற்கு என்ன பெயர்? வரிசையில் பசியோடு நிற்பவரிடம் கேட்டுப் பெறும் சம்மதமும் சம்மதமாகாது.

எனவே இவ்வாரம் முதல் நம் சபையில் உதவி பெறுபவர் எவரையும் படமெடுக்கலாகாது. முன்பு பகிர்ந்தவற்றை நீக்குங்கள். என் கைப்பேசியிலிருந்து நான் நீக்கிவிட்டேன். அத்தாயிடம் மன்னிப்பும் கேட்டேன். சபையாராகிய நாமும் கேட்கக் கடன்பட்டிருக்கிறோம்.

நாம் காணும் ஏழை ஒரு பிம்பம். தேவன் தம் சாயலாகச் சிருஷ்டித்துக் காணும் மனுஷன் மறு பிம்பம். இரண்டும் பொருந்தும்வரை விரலை எடுத்துவிடுங்கள்.

அந்தரங்கத்தில் பார்க்கிற பிதா நம் கைகளைச் சுத்திகரிப்பாராக. ஆமென்.